இளம்பிள்ளைத் தறிக்கூடத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் தந்தையிடமிருந்து 24 விசைத்தறிகளைப் பொறுப்பேற்று நடத்தும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "நெசவாளர்கள் நிலைப்பதில்லை; பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். கூலியை உயர்த்தினால் கட்டுப்படியாகாது என்கிறார் அப்பா. கடன் வாங்கிப் புதிய தறி போடலாம் என்கிறார் மாமா. நிர்வாகத்தைச் சீர்செய்தாலே உற்பத்தி கூடும் என்று பொருளாதார ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேன். அவையெல்லாம் பெரிய ஆலைகளுக்கானவையா, எங்களைப் போன்ற தறிக்கூடங்களுக்கும் பொருந்துமா?"

பொருந்தும் என்பதே என் எண்ணம். ஆனால் கூலி, தறி, நிர்வாகம் என்று நீங்கள் மூன்றாகப் பிரித்துக் கேட்பதை நான் ஒன்றாகவே பார்க்கிறேன். வேலையை ஒழுங்குபடுத்துவதால் கிடைக்கும் ஆதாயத்தில் தனக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கு நாளைக்குப் பறிபோகாது என்று தறியில் நிற்பவர் நம்பாதவரை எந்தச் சீர்திருத்தமும் கூடத்துக்குள் நிலைகொள்ளாது. இதைத்தான் நான் அறிந்த ஆய்வுகள் பலவும் ஏதோ ஒரு வகையில் காட்டுகின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது அநேகமாக நிக்கலஸ் புளூம், பென் ஐஃபர்ட், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கென்சி, ஜான் ராபர்ட்ஸ் ஆகிய ஐவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். அதற்கான களம் நம் தொழிலேதான்: மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் இயங்கிய 17 குடும்ப நிறுவனங்களின் நெசவாலைகள். குலுக்கல் முறையில் தேர்ந்த சில ஆலைகளுக்கு ஐந்து மாத காலம் இலவசமாக நிர்வாக ஆலோசனை வழங்கப்பட்டது. மற்றவற்றுக்கு ஒரு மாதப் பரிசோதனையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆலோசகர்கள் பட்டியலிட்ட 38 நடைமுறைகளில் எதுவுமே புதுமையானதன்று. தறி நின்ற நேரத்தைக் குறித்துவைப்பது, பழுதை வகை பிரித்து எழுதுவது, அதை அன்றன்றே உட்கார்ந்து பேசுவது, நூல் கையிருப்புக்குக் கணக்கு வைப்பது, உதிரிப் பாகங்களைப் பெயரிட்டு அடுக்குவது, தறி பழுதாவதற்கு முன்பே பராமரிப்பது என்று எல்லாமே எளியவை. அவ்வளவு எளியவற்றிலும் அந்த ஆலைகள் கால் பங்கு அளவையே தொடக்கத்தில் பின்பற்றிக்கொண்டிருந்தன. நெய்து முடித்த துணியைச் சோதித்துக் குறையைக் கையால் சரிசெய்வதற்கென்றே தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடியது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறந்தன. எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் படுவது ஆய்வாளர்கள் அடுத்துக் கேட்ட கேள்வி. இவ்வளவு ஆதாயம் தரும் எளிய வேலையை இத்தனை ஆண்டுகளாக ஏன் யாரும் செய்யவில்லை? பல முதலாளிகளுக்கு அப்படி ஒரு முறை இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களோ "நம் ஆலையில் தரம் ஒன்றும் மோசமில்லை, மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறது" என்று நம்பினார்கள். பழுதை அளந்து பார்க்காதவருக்குப் பழுது எவ்வளவு என்று தெரிய வழியே இல்லாததால் அந்த நம்பிக்கையை அசைக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. இன்னொன்றையும் கண்டார்கள்: ஒரு குடும்பத்திடம் எத்தனை ஆலைகள் இருந்தன என்பது அந்த ஆலைகள் எவ்வளவு நன்றாக நடந்தன என்பதைப் பொறுத்திருக்கவில்லை, வீட்டில் எத்தனை ஆண்மக்கள் இருந்தார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. வெளியாளை நம்பிப் பொறுப்பை விட்டால் சரக்கு திருடு போகும் என்ற அச்சத்தால், அண்ணன் தம்பி எத்தனை பேரோ அத்தனை ஆலை என்று தொழில் நின்றுவிட்டது. அம்மாப்பேட்டையிலும் தாரமங்கலத்திலும் ஜலகண்டாபுரத்திலும் இதைச் சொன்னால் வியப்படைய ஒருவரும் இருக்கமாட்டார்.

இந்த ஆய்வின் எல்லைகளையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் சராசரியாக 270 பேர் வேலைபார்த்தார்கள். உங்களிடம் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள். அந்த ஆலோசனைக்குச் சந்தை விலை சுமார் 2,50,000 டாலர். சேலத்தில் எந்தத் தறிக்காரரும் அதை நினைத்தே பார்க்க முடியாது. எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, புகுத்திய நடைமுறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறிப்போனதும், முதலாளிக்கு அதைக் கவனிக்க நேரமில்லாமல் போனதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எஞ்சியிருந்த பாதியே அவர்களை மற்ற ஆலைகளைவிட மேலே வைத்திருந்தது என்பதும் உண்மை.

சிறு தொழில்களுக்கு ஆறுதலான சான்றுகள் இரண்டு இருக்கின்றன. மெக்சிகோவின் புவேப்லா மாநிலத்தில் 432 சிறு, நடுத்தர நிறுவனங்களை வைத்து நடந்த ஆய்வில், உள்ளூர் ஆலோசகர் ஒருவர் ஓராண்டு வந்துபோனதே உற்பத்தித்திறனைக் கூட்டியது. பின்னாளில் வேலைவாய்ப்பும் பெருகியது. கொலம்பியாவில் வாகன உதிரிப்பாகம் செய்யும் நிறுவனங்களிடையே, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக ஆலோசகரை அனுப்புவதையும், சில நிறுவனங்களைக் குழுவாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். குழு முறைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே செலவானது, பலன் குறையவில்லை. உங்கள் தெருவில் ஐந்தாறு தறிக்கூடத்தார் மாதம் ஒருமுறை ஒருவர் கூடத்தை மற்றவர் சுற்றிப் பார்த்துக் குறை சொல்வது என்று வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் குழு முறை. போட்டியாளருக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று உங்கள் அப்பா கேட்கக்கூடும். டிசைனைச் சொல்ல வேண்டியதில்லை. தறி எதனால் நின்றது என்பதை மட்டும் பேசினால் போதும்.

இனி தொழிலாளியின் பக்கம் வருகிறேன். விளைவை மாற்றக்கூடிய இடம் இதுதான்.

பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் உலகுக்குக் கால்பந்து செய்து அனுப்பும் ஊர். டேவிட் அட்கின், எரிக் வெர்ஹூகன் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் அங்கே ஒரு புதிய வெட்டு அச்சைக் கொண்டுபோனார்கள். ரெக்ஸின் என்ற செயற்கைத் தோல் தாளில் ஐங்கோணத் துண்டுகளை நெருக்கமாக வெட்டினால் கழிவு குறையும்; அச்சின் விலையும் அற்பம். இலவசமாகவே கொடுத்தார்கள். பதினைந்து மாதங்கள் கழித்துப் பார்த்தால் விரல்விட்டு எண்ணும் நிறுவனங்களே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. காரணத்தைத் தேடியபோது, வெட்டுபவருக்குத் துண்டுக் கணக்கில் கூலி என்பது தெரியவந்தது. புதிய அச்சு பழகும்வரை கை மெதுவாகத்தான் போகும், அந்நாட்களில் அவர் வருமானம் குறையும். மிச்சமாகும் ரெக்ஸின் முழுவதும் முதலாளிக்குப் போகும். ஆகவே "இந்த அச்சு சரியாக வேலை செய்யவில்லை" என்று அவர்கள் முதலாளியிடம் சொன்னார்கள், முதலாளியும் நம்பினார். பிறகு சில நிறுவனங்களில், அச்சைப் பயன்படுத்திக் காட்டும் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒரு மாதக் கூலியை ஒரே ஒருமுறை ஊக்கத்தொகையாக ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். அதன் பின் அந்த நிறுவனங்களில் பயன்பாடு கணிசமாகக் கூடியது. முதலாளிக்கு அது மிகச் சிறிய தொகை. தம் ஆட்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பது தெரியாததால்தான் அவர்களாக அதைக் கொடுக்கவில்லை.

உங்கள் கூடத்திலும் கூலி சேலைக் கணக்கில்தான். துண்டுக் கூலி தவறான முறை என்று நான் சொல்லமாட்டேன். எட்வர்டு லேசியர் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் கார்க் கண்ணாடி பொருத்தும் ஒரு நிறுவனம் மணிக் கூலியிலிருந்து துண்டுக் கூலிக்கு மாறியதை ஆராய்ந்து, ஓர் ஆள் முடிக்கும் வேலை 44 விழுக்காடு கூடியதாக 2000-இல் எழுதினார். அதில் ஏறக்குறைய பாதி, அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதி, நிறுவனத்தில் நிலைத்தவர்களும் புதிதாக வந்து சேர்ந்தவர்களும் திறமைசாலிகளாக இருந்ததால் வந்தது. ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. கண்ணாடி உடைந்தால் அதைப் பொருத்தியவர் யார் என்று ஐயமின்றித் தெரியும், அவரே மறுபடி பொருத்தித்தர வேண்டும். நெசவில் அப்படி இல்லை. ஓர் இழை விட்டுப்போனதற்கு நெசவாளர் காரணமா, பசை சரியாக ஏறாத பாவு (தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல்) காரணமா, மட்டமான நூலா, தேய்ந்த பாகமா என்று யார் தீர்ப்பது? தீர்க்க முடியாதபோது டேமேஜ் பிடித்தம் நெசவாளர் தலையில் விழுகிறது. தன் தவறு அல்லாததற்குப் பிடித்தம் கண்டவர் அடுத்த முறை குறையை உங்களிடம் காட்டமாட்டார், மடித்து மறைப்பார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. பறிக்கும் கிலோவுக்கு மட்டும் காசு என்றால் பழுத்ததோடு காயும் சேர்ந்து கூடையில் விழும். பழமாகப் பார்த்துப் பறிக்க வேண்டுமென்றால் அதற்கு ஆகும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கை எளிதில் அளக்கப்பட்டு, தரம் அளக்கப்படாமல் விடப்பட்டால் உழைப்பு எண்ணிக்கையின் பக்கமே சாயும் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் ஹோம்ஸ்ட்ராமும் மில்குரோமும் 1991-இல் கோட்பாடாகவே நிறுவினார்கள்.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: தரத்தில் தொடங்காதீர்கள், தறி நிற்கும் நேரத்தில் தொடங்குங்கள். தறி ஓடினால் உங்களுக்கும் ஆதாயம், சேலைக்கு இவ்வளவு என்று வாங்கும் நெசவாளருக்கும் ஆதாயம், இருவர் நலனும் அங்கே ஒரே திசையில் இருக்கிறது. கணக்குக்காக ஒரு தறி நிமிடத்துக்கு 140 பிக் ஓடுவதாக வைத்துக்கொள்வோம் (ஊடை இழை குறுக்கே ஒருமுறை ஓடுவது ஒரு பிக்). பத்து மணி நேரத்தில் 84,000 பிக் விழ வேண்டும். 50,400 மட்டுமே விழுந்திருந்தால் தறி தன் திறனில் 60 விழுக்காடுதான் ஓடியிருக்கிறது. அதை 70-க்குக் கொண்டுவந்தால் அன்றைய உற்பத்தி ஆறில் ஒரு பங்கு கூடும். கூலி விகிதத்தைத் தொடாமலே நெசவாளரின் அன்றைய வருமானமும் அதே அளவு கூடும். ஒவ்வொரு தறியிலும் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, பாவு இழை அறுந்தது, ஊடை இழை அறுந்தது, ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தது, மெக்கானிக் வரவில்லை, பாவு வரவில்லை, மின்சாரம் இல்லை என்று காரணத்தையும் நின்ற நிமிடங்களையும் ஒரு மாதம் எழுதச் செய்யுங்கள். அந்த மாதத்தில் எதையும் மாற்றாதீர்கள், யாரையும் திட்டாதீர்கள்; அந்த நோட்டை வைத்து ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் செய்யமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் இல்லாத நாளிலும் அது எழுதப்பட வேண்டும் என்பதால், ஒரு நெசவாளரையே அதற்குப் பொறுப்பாக்கி அவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுப்பது நல்லது.

எழுதத் தொடங்கியதும் ஒன்று உங்களுக்குப் புலப்படும் என்று எதிர்பார்க்கிறேன். திருப்பூருக்குப் போனவர் ஒரு சேலைக்கான கூலியை ஒப்பிட்டுப் போயிருக்கமாட்டார், மாத முடிவில் கைக்கு வருவதை ஒப்பிட்டுத்தான் போயிருப்பார். பாவு வராமல் இரண்டு நாள் தறி நின்றால் உங்களுக்கு வட்டி நஷ்டம், அவருக்கு அடுப்பே எரியாது. துண்டுக் கூலியில் நிர்வாகக் குறையின் விலையைத் தொழிலாளிதான் முதலில் செலுத்துகிறார். கூலிப் பிரச்சினை என்று நம் ஊரில் பேசப்படுவதில் ஒரு பெரும்பகுதி பாவுப் பிரச்சினை என்பது என் உறுதியான கருத்து. முதலாளியின் தாமதத்தால் தறி நிற்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் காத்திருப்புக் கூலி ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அது நெசவாளரை உங்களிடமே தங்கவைக்கும். பாவை நேரத்துக்குக் கொண்டுவர உங்களையும் உந்தும்.

இங்கே முன்பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பக்கத்துக் குமாரபாளையத்தின் விசைத்தறிகளில் நடக்கும், பாக்கி எனப்படும் முன்பண முறையைக் கேர்ட் டி நெவே என்ற மானிடவியலாளர் ஆராய்ந்து 1999-இல் கட்டுரை எழுதினார். ஆளைப் பிடித்துவைக்க முதலாளி பாக்கி கொடுக்கிறார். ஆள் தட்டுப்பாடு வந்ததும், அடுத்த முதலாளியிடம் பெரிய பாக்கி வாங்கி முந்தையதை அடைத்துவிட்டுத் தொழிலாளி நகர்கிறார். கட்டிப்போடுவதற்கென்று வந்த கயிறே பேரம் பேசும் கருவியாகிவிடுகிறது. கடன்பட்டு ஒருவர் தறியில் நிற்பதில் உள்ள அநீதி ஒருபுறம் இருக்க, தொழில் கணக்கிலும் அது சரிவராது: பாக்கியில் முடங்கும் பணம் உங்கள் வேலை மூலதனம். அதே தொகையை நிலையான மாத வருமானத்துக்கான உறுதியாக மாற்றித் தருவது இரு தரப்புக்கும் மேலானது.

கூலியை உயர்த்தினாலே உற்பத்தி தானாகக் கூடாதா என்று சிலர் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டைக் காட்டுவார்கள். 1913-இல் அவருடைய ஆலையில் ஆட்கள் மாறும் விகிதம் ஆண்டுக்கு 370 விழுக்காடாக இருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்ததும் அது மளமளவென்று சரிந்தது. ஆனால் அதற்குள் அங்கே ஓடும் பட்டையில் கார் கோக்கும் முறை வந்துவிட்டிருந்தது. ஒழுங்குபட்ட வேலையின்மேல் ஏறிய கூலி அது.

சீர்திருத்தத்தால் ஆதாயம் வந்த பிறகு முதலாளிகள் செய்யும் ஒரு தவறு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். "முன்பு வாரம் இவ்வளவு எடுத்தாய், இப்போது அவ்வளவு எடுக்கிறாயே" என்று சேலைக் கூலியைக் குறைப்பதுதான் அது. சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1944-45-இல் சிகாகோவின் ஓர் இயந்திரக் கூடத்தில் தாமே தொழிலாளியாக வேலைபார்த்து 1952-இல் எழுதியதைப் படித்தால் இது விளங்கும். முடிந்தாலும் ஓர் அளவுக்கு மேல் அங்கே யாரும் செய்யமாட்டார்கள். செய்தால் விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனம். அமெரிக்காவில் கிளீவ்லாந்தின் லிங்கன் எலெக்ட்ரிக் என்ற வெல்டிங் கருவி நிறுவனமோ, இயந்திரமோ செய்முறையோ மாறினாலொழியத் துண்டுக் கூலி விகிதத்தைக் குறைப்பதில்லை என்ற கொள்கையை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் துண்டுக் கூலியில் பெயர்பெற்றது. ஆகவே நோட்டைத் தொங்கவிடும் நாளிலேயே, தறியும் டிசைனும் மாறாதவரை சேலைக் கூலி குறையாது என்று எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அப்பாவையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஊரில் அவர் வாக்குக்கு இருக்கும் மதிப்பு இந்த வேலைக்கு மிகவும் தேவை.

இருவருக்கு வெவ்வேறு தொகை கொடுக்க நேர்ந்தால் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசனி மூவரும் ஒடிசாவில் 378 தொழிலாளர்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேலைக்குக் குழுவுக்குள் கூலி வேறுபட்டபோது குறைவாகப் பெற்றவர்கள் உற்பத்தியைக் குறைத்தார்கள். வருமானம் போனாலும் போகட்டும் என்று வேலைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். யார் அதிகம் செய்கிறார் என்பது எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த இடங்களில் அந்தக் கசப்பு எழவில்லை. எனவே தரத்துக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் கட்டம் வரும்போது பழுதின் வகையும் எண்ணிக்கையும் எல்லோரும் பார்க்கும் பலகையில் இருக்கட்டும். நூலாலும் தறியாலும் வந்த பழுதைத் தனியே பிரித்து, அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூலியை உடனே உயர்த்த இயலாத நிலையிலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அச்யுத அத்வர்யுவும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆய்வு செய்த ஆயத்த ஆடை ஆலைகளில், எதிர்பார்த்த அளவு கூலி உயராத வருத்தத்தில் தொழிலாளர்கள் இருந்தபோது, ஒரு பகுதியினரிடம் மட்டும் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்டார்கள். அவர்கள் வேலையை விட்டுப் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. அத்வர்யு பங்கேற்ற இன்னொரு ஆய்வு பெங்களூரு ஆலைகளில், சூடு குறைவான எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியதால் வெப்ப நாட்களில் உற்பத்தி விழுவது பெரிதும் தடுக்கப்பட்டதையும் கண்டது. மின்கட்டணத்தில் மிச்சமானதைவிட அந்த ஆதாயம் பெரிது. சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே நிற்பவர்களிடம் எதை மாற்றினால் நல்லது என்று கேட்டால் முதலில் கூரையைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

புதிய தறி வாங்கலாமா என்ற உங்கள் மாமாவின் யோசனைக்கு இப்போது நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. மூன்று மாத நோட்டைக் கூட்டிப் பார்த்து, தறி நின்ற நேரத்தில் பெரும்பங்கு தேய்ந்த தறியின் பழுதால் என்று வந்தால் கடன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பாவுத் தாமதத்தாலும் மின்தடையாலும் மெக்கானிக் வராததாலும் என்று வந்தால், வேகமாக ஓடும் தறியும் அதே காரணங்களுக்காக வட்டியோடு சேர்ந்து நிற்கும். கூட்டிப் பார்த்த கணக்கை எனக்கு அனுப்புங்கள். அதை வைத்து மேற்கொண்டு எழுதுகிறேன்.